தண்ணீர் குடித்து மிடில்வெயிட் ஆனவன்

குத்துச்சண்டைப் போட்டியின் நிறுவை நாள் காலையில், கண்டி மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த பைப்படியில் குந்தியிருந்து தங்கவேல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். தாகம் ஒன்றும் இல்லை. நான் செம்பை நிரப்பி நிரப்பி நீட்ட, அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு உள்ளே இறக்கினான். எங்கள் பயிற்சியாளர் ஜுனைதீன் மாஸ்டர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு பக்கத்தில் நின்றார்.

"இன்னும் ஒரு பழம் தின்னு மகன்."

"மாஸ்டர், இதுக்கு மேல தின்னா தராசு மேலயே கக்கிருவேன்."

"கக்குறதெண்டா எறங்கின பொறகு கக்கு. ஏறக்குள்ள எல்லாம் வயித்துல ஈக்கோணும்."

பிறகு மூவரும் எடை நிறுக்கும் இடத்துக்கு நடந்தோம். ஓடக்கூடாது, சிரிக்கக்கூடாது, முக்கியமாக ஒன்றுக்குப் போகக்கூடாது என்பது மாஸ்டரின் கட்டளை. தங்கவேல் அடி எடுத்து வைக்க வைக்க அவன் வயிற்றுக்குள் தண்ணீர் அலம்பும் சத்தம் எனக்குக் கேட்டது. எனக்கு வந்த சிரிப்புக்கு மாஸ்டர் என் பிடரியில் ஒன்று வைத்தார்.

தராசின் முள் மிடில்வெயிட் கோட்டை மயிரிழையில் தாண்டி நின்றது. இறங்கியதும் தங்கவேல் வாயைப் பொத்திக்கொண்டு கட்டடத்தின் பின்பக்கம் ஓடினான்.

எடையைக் குறைப்பதற்காகப் பட்டினி கிடக்கும் குத்துச்சண்டைக்காரனைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எடையைக் கூட்டுவதற்காகத் தண்ணீர் குடித்தவனைக் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் குத்துச்சண்டைக் கழகத்தில் அதுதான் வழக்கம். ஒவ்வொரு எடைப் பிரிவுக்கும் ஓர் ஆளை இறக்கினால்தான் குழுக் கிண்ணத்துக்குப் புள்ளி சேரும். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்த தங்கவேலுக்கும், கெலிஓயாக் கடைத்தெருவில் வளர்ந்த எனக்கும் எங்கிருந்து அத்தனை கிலோ வரும்? அவன் கொஞ்சம் எலும்பு பெருத்தவன். அவனுடைய சொந்தப் பிரிவில் கழகத்துக்கு ஏற்கெனவே ஒருவன் இருந்தான். ஆகவே மாஸ்டர் அவனைத் தண்ணீர் ஊற்றி ஒரு பிரிவு மேலே தள்ளினார்.

காலையில் குடித்த தண்ணீர் மாலையில் வயிற்றில் இருக்காது. ஆனால் எதிரே வந்து நிற்பவன் காலையிலும் மாலையிலும் மிடில்வெயிட்காரன்தான்.

மாத்தளையிலிருந்து ஒரு கேள்வி

இதை இப்போது எழுதக் காரணம் என்னுடைய வாராந்தரப் பத்தியின் வாசகர் ஒருவர். இரண்டு வாரத்துக்கு முன் மாத்தளையிலிருந்து தொலைபேசியில் பிடித்தார். எப்படியோ என் நம்பரைத் தேடி எடுத்திருக்கிறார்.

"நீங்க ஒவ்வொரு கிழமையும் தங்கவேல், தங்கவேல் எண்டு எழுதுறீங்க. மெய்யாவே அவர் அவ்வளவு பெரிய ஆளா? அந்தக் காலத்துல மிடில்வெயிட்ல ஆளே இல்லையே நானா."

நானா என்று அண்ணன் முறை வைத்து மரியாதையாகத்தான் கேட்டார்; ஆனாலும் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. நான் கத்திய கத்தில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த என் மனைவி இறங்கி வந்து, "ஆரோட சண்ட?" என்று கேட்டாள். ஃபோனை வைத்த பிறகுதான் யோசித்தேன். அந்த மனிதர் கேட்டதில் என்ன பிழை?

தங்கவேல் மூன்று முறை நாட்டின் மிடில்வெயிட் சாம்பியன். முதல் முறை இறுதிச் சண்டையில் கடுகண்ணாவையைச் சேர்ந்த ரன்பண்டா என்ற பட்டாளக்காரரை வென்றான். அடுத்த இரண்டு முறையும் எதிரே ஆள் வரவில்லை. வெறும் ரிங்கில் ஏறி, நடுவருக்குத் தலையைக் குனிந்து வணங்கி, கிண்ணத்தை வாங்கிக்கொண்டு இறங்கினான். ஊரில் அவனுக்கு 'வோக்ஓவர் தங்கவேல்' என்று பெயர் விழுந்தது. வெளிநாட்டுக்கு ஒரே ஒரு தடவை போனான். முதல் சண்டையிலேயே, இரண்டாம் சுற்றில் நடுவர் நிறுத்திவிட்டார்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால் மாத்தளைக்காரர் சொல்வது சரி மாதிரித்தான் தெரியும்.

ஆனால் நான் அவனோடு பயிற்சிச் சண்டை போட்டவன். நான் பெதர்வெயிட், அவனுக்குப் பல பிரிவு கீழே. எத்தனை சண்டையில் வென்றேன் என்று கேட்டு என்னைச் சங்கடப்படுத்த வேண்டாம். விழுவதில் எனக்கு இருந்த திறமை கண்டி மாவட்டத்திலேயே வேறு யாருக்கும் இருந்ததில்லை. விழுகிறவனுக்கு ஒன்று மட்டும் நன்றாகத் தெரியும்: எந்தக் கை எப்படிப்பட்டது என்று. தங்கவேலின் இடது கை நீளும்போது தெரியாது. இருட்டில் நடந்து போய்க் கதவு நிலையில் நெற்றியை இடித்துக்கொள்வோமே, அப்படித்தான் வரும். வந்த பிறகுதான் அங்கே ஏதோ இருந்தது என்று விளங்கும்.

கால் மெதுவு, அதை நான் ஒப்புக்கொள்கிறேன். அந்த வெளிநாட்டுக்காரன் அவனைச் சுற்றிச் சுற்றி ஓடியே களைக்க வைத்தானாம். ஆனாலும் எத்தனை அடி வாங்கினாலும் தங்கவேல் பின்னால் போக மாட்டான். அது பயிற்சியில் வருவதில்லை.

கை வரும், ஆனால்

போட்டிக் காலம் முடிந்ததும் தங்கவேல் பஸ் ஓட்டப் போனான். புசல்லாவையிலிருந்து கண்டிக்கு, கண்டியிலிருந்து புசல்லாவைக்கு என்று ஓட்டி ஓட்டி வயசாகியது. பட்டத்தைப் பற்றி அவன் வாயால் ஒரு வார்த்தை வராது. பெருந்தன்மை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு நாள் அவனுடைய மகள் சுகந்தி என்னைக் கூப்பிட்டாள். பக்கத்துப் பாடசாலையில் படிப்பிக்கிற பிள்ளை. தாய் இல்லாத வீட்டை அவள்தான் பார்க்கிறாள். தகப்பனுக்கு ஸ்ட்ரோக், வலது பக்கம் என்றாள். நான் போட்ட சட்டையோடு பஸ் ஏறினேன்.

அல்லாஹ் காப்பாற்றினான், பேச்சுத் திரும்பிவிட்டது. காலும் பரவாயில்லை, தடி ஊன்றி நடந்தான். கைதான் மடியில் கிடந்தது. பிசியோதெரபி மிஸ் வாராவாரம் வந்து பார்த்தார். நரம்பில் உயிர் இருக்கிறது, முதல் சில மாதத்துக்குள் பழக்கினால் கை வரும், இந்தக் காலத்தைத் தவறவிட்டால் அப்படியே இறுகிவிடும் என்று சுகந்தியிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"கை வரும்னு மிஸ் சொல்றாங்க மாமா. அப்பாதான் தூக்கிப் பாக்கவே மாட்டேங்கிறாரு. பந்தக் குடுத்தா அமுக்க மாட்டேங்கிறாரு. நாள் போயிக்கிட்டே இருக்கு, எனக்குப் பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மிஸ் அவனை உற்சாகப்படுத்த, "நீங்க சாம்பியனாச்சே ஐயா, உங்களுக்கு இது ஒரு வேலையா?" என்று கேட்டாராம். அதற்கு அவன் சொன்ன பதிலைச் சுகந்தி எனக்குச் சொன்னாள்.

"நான் என்னாத்த சாம்பியன்? ஆளில்லாத எடையில தண்ணி குடிச்சு ஏறுனவன். சும்மா இருங்கம்மா."

ஊர் சிரித்துவிட்டு மறந்துபோன பேச்சை இவன் இத்தனை வருடமும் உள்ளே வைத்துக்கொண்டு பஸ் ஓட்டியிருக்கிறான். அது பெருந்தன்மை இல்லை, வெட்கம்.

பொன்னாடை போட்டோம், வேறென்ன

நம் ஆட்களுக்கு ஒரு மனிதன் சோர்ந்துபோனால் செய்யத் தெரிந்த காரியம் ஒன்றுதான். பொன்னாடை. நானும் அதைத்தான் செய்தேன். பழைய கழகத்து ஆட்கள் நாலைந்து பேரைத் திரட்டிக்கொண்டு, மாலை, பொன்னாடை, பழத்தட்டு சகிதம் ஒரு பௌர்ணமிப் போயா விடுமுறை நாளில் புசல்லாவையில் போய் இறங்கினேன்.

தங்கவேலைச் சுவரோரம் ஒரு கதிரையில் உட்கார வைத்தோம். கழுத்தில் மாலை போட்டோம். தலைமாட்டில் யாரோ ஊதுபத்தி வேறு கொளுத்தி வைத்தார்கள். பிறகு ஒவ்வொருவராக எழுந்து பேசினோம். அவர் எப்படிப்பட்டவர் தெரியுமா, எவ்வளவு நல்லவர் தெரியுமா, ஈ எறும்புக்கும் தீங்கு நினையாதவர். நான் பேசும்போது குரல் தழுதழுத்து, "இப்படி ஒரு மனுசன இனிக் காண ஏலாது" என்றும் சொல்லித் தொலைத்தேன்.

தங்கவேல் மாலையை இடது கையால் கழற்றி மேசையில் வைத்தான்.

"ஹனிபா, எப்ப தூக்குறதா உத்தேசம்?" என்று கேட்டான்.

"என்னத்த மச்சான்?"

"பொணத்தத்தான்டா. எல்லாம் முடிஞ்சிருச்சே. பேச்சும் முடிஞ்சிருச்சு, பத்தியும் வச்சாச்சு."

வந்தவர்கள் செருப்பைத் தேடினார்கள். வாசலில் சுகந்தி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அவ்வளவு புகழ்ந்தும் அவன் ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. கை மடியிலேயே கிடந்தது.

கடுகண்ணாவைக்காரர்

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் புத்தி வந்தது. எங்கள் யாருடைய புகழ்ச்சிக்கும் அவனிடம் மதிப்பில்லை. அவனுடைய அடியை ஒரு பட்டத்துக்காக வாங்கியவன் ஒருத்தன்தான். அவன் சொன்னால்?

ரன்பண்டா உயிரோடு இருக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. மறுநாள் கடுகண்ணாவைக்குப் போய் இறங்கி இரண்டு கடையில் விசாரித்தேன். மேட்டு வளைவில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார் என்றார்கள். போனேன். அடேயப்பா, இன்னும் அதே தோள். முதுகு மட்டும் கொஞ்சம் வளைந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"கெலிஓயா பெதர்வெயிட்! எப்பவும் விழுற ஆள்!" என்று சிங்களத்தில் சத்தம் போட்டார். கடையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மானம் போனால் போகிறது என்று உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன். வந்து நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

அவர் பிளேன்டீ ஆற்றுவதை நிறுத்தினார்.

"வாறன். ஆனா நல்லதா நாலு வார்த்தை சொல்ல மாட்டன். அவனோட மூணு சுற்று நின்டவன் நான். நான் பொய் சொன்னா அவனுக்கு உடனே தெரியும். அவனைப் பற்றி எனக்குச் சில குறை இருக்கு. இவ்வளவு காலமும் சொல்லிக்கொள்ள ஆள் கிடைக்கல்ல. அதைச் சொல்லத்தான் வருவன். சம்மதமா?"

எனக்குப் பகீரென்றது. ஏற்கெனவே மாலை போட்டுக் கெடுத்து வைத்திருக்கிறேன். இந்த மனிதர் வந்து உள்ளதையும் உடைத்துவிட்டால் சுகந்தி முகத்தில் எப்படி முழிப்பது? இருந்தாலும், பொய் சொல்ல மாட்டேன் என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. சரி என்றேன்.

தீர்ப்பு

ஞாயிற்றுக்கிழமை இருவரும் பேராதெனியாவில் பஸ் மாறி, கம்பளை தாண்டி மேலே ஏறினோம். புசல்லாவையில் குளிர் விறைத்தது. தங்கவேல் முன்னறையில் கதிரையில் இருந்தான். வலது கை மடியில், அதன் மேல் ஒரு துவாய்த் துண்டு. வாசலில் நின்ற ஆளைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

"இரு மல்லி, இரு" என்றார் ரன்பண்டா. தம்பி என்பதற்குச் சிங்களத்தில் மல்லி. அவன் வீட்டுக்கு வந்து சுகம் விசாரிக்காத முதல் ஆள் அவர்தான். எதிரே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுகந்தி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். மூவரும் பேசியது சிங்களத்தில். நான் தமிழில் தருகிறேன்.

"உன் கால் ரெண்டும் சிமெந்துல நட்ட கால்" என்று தொடங்கினார். "அந்த மாதிரிக் காலோட ஒருத்தன் சாம்பியனானது இந்த நாட்டுல மட்டும்தான் நடக்கும்."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

தங்கவேலின் முகம் இறுகியது. "ஜெயிச்சது நான்தானே?"

"ஜெயிச்சது உன் இடது கை. நீயில்ல."

பிறகு ரன்பண்டா சிரித்தார்.

"நிறுவையில உனக்குப் பின்னால நின்டது நான். உன் வயித்துக்குள்ள தண்ணி ஆடுற சத்தம் எனக்குக் கேட்டது. இது நம்ம எடைக்காரன் இல்ல, ஊதி விட்ட ஆள், வயித்துல ரெண்டு வச்சாப் படுத்துருவான் எண்டு நினைச்சன். முதல் சுற்று முழுக்க வயித்துலதான் வச்சன். ஞாபகம் இருக்கா?"

"மூணு நாள் ஒழுங்காச் சாப்பிட முடியல."

"ஆனா நீ ஒரு அடி பின்னால போகல்லையே! என்னை விடச் சின்ன ஆள். எனக்கு அப்பவே பயம் பிடிச்சுப் போச்சு."

தங்கவேல் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெதுவாகக் கேட்டான்: "அதுக்குப் பிறகு ரெண்டு வருசமும் யாரும் வரல்ல. ஆளில்லாம வாங்கின பட்டத்த யார் கணக்குல எடுப்பா?"

ரன்பண்டா அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். "நாங்க ஏன் வரல்ல எண்டு உனக்குத் தெரியாதா?"

"ஆளில்லையே."

"ஆளில்லையா? என்னை யார் எண்டு நினைச்சாய்? அந்த ரெண்டு வருசமும் நான் வெறும் கஞ்சி குடிச்சு, வெயில்ல கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு ஓடி, எடையைக் குறைச்சுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினன். கொழும்புப் பக்கத்து ஆள் ஒருத்தனும் அதையேதான் செய்தான். உன் இடது கைக்கு முன்னால இன்னொரு தரம் நிற்க எங்களால ஏலாது. நீ தண்ணி குடிச்சு மேல வந்தாய். நாங்க பட்டினி கிடந்து கீழ ஓடினோம். அந்த எடையில ஆள் இல்லாமப் போகல்ல மல்லி. எல்லாரும் ஓடிப்போயிட்டோம்."

தங்கவேல் அசையவில்லை. கண் மட்டும் கலங்கியிருந்தது. இந்தச் செய்தி இத்தனை காலமும் ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருந்திருக்கிறது. எங்களில் ஒருவனுக்கும் போய்க் கேட்கத் தோன்றவில்லை.

"அப்ப நான் எப்பிடிப்பட்ட ஆள்? உள்ளதைச் சொல்லுங்க" என்றான்.

ரன்பண்டா அவசரப்படவில்லை. கடையில் தேயிலை நிறுத்துக் கொடுக்கிற மனிதர் அல்லவா, யோசித்துத்தான் சொன்னார்.

"உன் காலத்துல இந்த நாட்டுல உன்னை விட நல்ல மிடில்வெயிட் இல்ல. அதை நான் எங்கயும் சொல்லுவன். நாட்டுக்கு வெளியில உன்னைப் போல எத்தனையோ பேர் இருந்திருப்பாங்க. உன் சொந்த எடையில போயிருந்தா அங்கயும் நல்லாச் செய்திருப்பாய் எண்டு நான் நினைக்கிறன். ஆனா அடிச்சுச் சொல்ல மாட்டன். ஏனெண்டா உனக்கு இருந்தது ஒரு கைதான்."

மாத்தளை வாசகருக்கு என் பதிலும் இதுதான். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

தங்கவேல் நிமிர்ந்தான். "ஒரு கையா? வலது கைக்கு என்ன?"

"அதைத்தான் சொல்ல வந்தன். அது ஒரு சதக் காசுக்கு உதவாத கை. தாடையைக் காக்க வேண்டியது, எந்த நேரமும் இடுப்புக்குப் பக்கத்துல தொங்கும். மூணாம் சுற்றுல நான் உன் மூக்கை உடைச்சது அதாலதான். வெளிநாட்டுல அவன் உன்னை அடிச்சதும் அதாலதான் இருக்கும்."

கோபம் வந்தால் தங்கவேலுக்குச் சிங்களம் மறந்துவிடும்.

"பொய்!" என்று தமிழில் கத்தினான். "ஹனிபா, நீ சொல்லுடா! என் வலது கை என்னைக்குடா எறங்குச்சு? தாடையிலதான்டா இருந்துச்சு. இந்தா, இப்பிடி!"

துவாய் நழுவித் தரையில் விழுந்தது. மடியில் கிடந்த கை கிளம்பியது. விரல்கள் பாதி மடிந்து, முழங்கை நடுநடுங்க, வயிற்றைத் தாண்டி நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. தான் செய்தது என்ன என்று அவனுக்கே இன்னும் தெரியவில்லை. அவன் ரன்பண்டாவையே முறைத்துக்கொண்டிருந்தான். உள்கதவடியில் சுகந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் எழும்பப் போனேன். ரன்பண்டா என் தொடையில் கையை வைத்து அழுத்தி உட்கார வைத்துவிட்டார். கதிரையை முன்னால் இழுத்துக்கொண்டு, குறை பிடிக்கிறவர் மாதிரி அந்தக் கையை உற்றுப் பார்த்தார்.

"உனக்குத் தாடை நெஞ்சிலயா இருக்கு?" என்றார். "தூக்கு மல்லி. இன்னும் மேல."

தங்கவேல் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினான்.